குட்டி ஜப்பான், பால் புட்டி, ராத்திரிப் பல்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியானதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரமுடியல. யாரும் தேடினதாவும் தெரியல, அது வேற விஷயம் :-) பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததிலேர்ந்து ஒண்ணு மனசைக் குடைஞ்சுகிட்டே இருக்கு. எழுதிட்டா தேவலைன்னு தோணுது. சின்னப் பசங்களோட தூக்கத்தையும் பல்லையும் பத்தின பதிவு இது. "கல்யாணமே ஆகலை, உனக்கெதுக்குடா இந்த வேலை"ன்னு கேக்கப்போறவங்க, முழுசாப் படிச்சுட்டு அப்புறமா வந்து கும்மவும்.

முதல்ல ஊர். ஆலங்குளம்னு சொன்னதும் எல்லாரும் தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளத்தை நினைச்சுக்குவாங்க. அது வேற. நம்மளது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை தாலுகா, அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். சுத்துப்பட்டுல எங்கிட்டுத் திரும்பினாலும் பட்டாசு ஆபீஸ், இல்லைன்னா தீப்பெட்டி ஆபீஸ். எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்லமாட்டாங்க, எல்லாமே ஆபீஸ்தான். நான் பெங்களூர்ல "ஆபீஸ் போறேன்"னு சொன்னப்போ தெருப்பாட்டி ஒண்ணு, "அங்கயும் வெடி ஆபீஸ் இருக்கா சாமி"ன்னு கேட்டுச்சு.

மாட்டுப்பொங்கல் அன்னிக்கு ராத்திரி ஒரு மணி இருக்கும். அக்கா பையன், நாலரை வயசு, திடீர்னு ஒரு அலறல். பதறி எந்திரிச்சுப் பார்த்தா இடது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கு. படுக்க வச்சா வலி கூடுது, தூக்கி வச்சா கொஞ்சம் அடங்குது. எங்கம்மா அவனைத் தோள்ல போட்டுகிட்டு விடியிற வரைக்கும் முற்றத்துல நடந்தாங்க. நானும் அக்காவும் மச்சானும் சும்மா நின்னு பார்த்துகிட்டிருந்தோம். வேற என்ன செய்யிறதுன்னு யாருக்கும் தெரியல.

மறுநாள் காணும் பொங்கல். சிவகாசியில நாலு பல் கிளினிக் பூட்டியிருந்துச்சு, அஞ்சாவதா ஒருத்தர் கிடைச்சார். வாயைத் திறக்கச் சொன்னார். மேல் முன்பல் நாலும் பாதி கரைஞ்சு, பழுப்பா, மொட்டையா நின்னுச்சு. கீழ்க் கடவாய்ப்பல்லு ஒண்ணுல குழி விழுந்து அடியில சீழ் கட்டியிருக்கு. ஆனா கீழ் முன்பல் வரிசை மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ராத்திரி புட்டிப்பால் குடிச்சுகிட்டே தூங்குவானா?"

எல்லாரும் எங்கம்மாவைப் பார்த்தோம். அம்மா சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தாங்க.

மேல்பல் போய்க் கீழ்ப்பல் தப்பிச்சதை வச்சு டாக்டர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு எனக்கு ஒரே ஆச்சரியம். கேட்டேன். புட்டி உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பல்லு மேல படுத்து அதை மூடிக்குமாம். மேல்பல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, சீனி போட்ட பால் அதைச் சுத்தியே தேங்கி நிக்கும். பகல்ல எச்சில் ஊறி ஊறி வாயைக் கழுவிகிட்டே இருக்கும். தூங்கும்போது எச்சில் சுரக்குறது ரொம்பக் குறைஞ்சுபோகும், முழுங்குறதும் குறையும். வாயில இருக்கிற கிருமிகள் சீனியைத் தின்னு அமிலமா மாத்த, அந்த அமிலம் ராத்திரி பூராவும் பல்லுமேலயே உக்காந்திருக்கும். பால்பல்லோட எனாமல் நிரந்தரப் பல்லோடதை விட மெலிசு. அதனால சொத்தை சீக்கிரமா உள்ள இறங்கிடும். எங்க ஆபீஸ்ல ப்ரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா ரூட் காஸ் அனாலிசிஸ்னு ஒண்ணு எழுதச் சொல்லி உயிரை எடுப்பாங்க. இவர் ரெண்டு நிமிஷத்துல வாய்மொழியாவே முடிச்சுட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்து ஆரம்பிச்சுது. மச்சான் சொன்னது: "விழுந்து முளைக்கிற பல்லுதானே, விடுங்க." நம்ம ஊர்ல பத்துக்கு ஒம்போது பேர் சொல்றது இதுதான். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனா கணக்குப் பாருங்க. பால்பல் மொத்தம் 20. ஆறு மாசம் வாக்குல ஆரம்பிச்சு ரெண்டரை, மூணு வயசுக்குள்ள எல்லாம் வந்துடும். முன்பல் ஆறு ஏழு வயசுல விழுந்துடுது, சரி. கடவாய்ப் பால்பல் விழுறது பத்து வயசுலேர்ந்து பன்னிரண்டு வயசுக்குள்ள. அப்போ நாலரை வயசுல சொத்தையான கடவாய்ப்பல்லை வச்சுகிட்டு இன்னும் ஆறேழு வருஷம் அந்தப் பிள்ளை சாப்பிடணும். பிடுங்கிப் போட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்குச் சாயும், அடியில வர்ற நிரந்தரப் பல்லுக்கு இடம் பத்தாது. இன்னொண்ணு, ஆறு வயசு வாக்குல எந்தப் பல்லும் விழாமலே கடைசியில புதுசா ஒரு கடவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால்பல்லுன்னு நினைச்சு நாம கண்டுக்காம விடுறது பெரும்பாலும் அதைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து ஆலும் வேலும் பல்லுக்கு உறுதின்னு ஆரம்பிச்சார். "ஊரு பேரே ஆலங்குளம், பல்லுக்கு மருந்து தேடி சிவகாசிக்குப் போறீகளா"ன்னார். பெரியப்பா, குச்சியில விளக்குன காலத்துல யாரும் தொட்டில்ல புட்டியில சீனிப்பாலை வச்சுகிட்டுத் தூங்கலையே. அதைவிட முக்கியமா, வேப்பங்குச்சியோ ரோஸ் கலர் பல்பொடியோ, எல்லாமே காலையில எந்திரிச்சதும் பண்ற வேலை. ராத்திரி பல் விளக்குற பழக்கம் எங்க தெருவுல எந்த வீட்டுலயும் கிடையாது. எங்க வீட்டுலயும்தான். நான் பெங்களூர் வந்தப்புறமும் ராத்திரி விளக்கினது கிடையாது, இதைச் சொல்லவே வெக்கமா இருக்கு.

அம்மா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. நான்தான் வாயை விட்டேன். "யம்மா, பால் குடிச்சதும் எழுப்பி ஒரு நிமிஷம் பல்லு வெளக்கி விட்டா என்ன?"

அம்மா திரும்பிப் பார்த்தாங்க. "தூங்குற பிள்ளைய எழுப்பச் சொல்றியாய்யா?"

அந்தக் கேள்வி கேட்ட விதத்துல ஏதோ இருந்துச்சு. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தியே ஆகணும். பொறுத்துக்கோங்க.

எங்கம்மா எட்டு வயசுலேர்ந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவங்க. வருஷம் 1980 வாக்குல. விடியக்காலை மூணரைக்கு ஊருக்குள்ள பஸ் வரும். அதுக்கு முன்னாடியே ஏஜெண்டு ஒவ்வொரு வீட்டு வாசலா வந்து கதவைத் தட்டிப் பிள்ளைகளை எழுப்பிவிடுவார். அதுக்கு அவருக்குச் சம்பளம். எங்கம்மாவைப் பாட்டி தூக்கத்தோட தூக்கிட்டுப் போய் பஸ்ல உக்காரவச்சு, கையில தூக்குவாளியைக் கொடுத்துட்டு இறங்கிடுமாம். திரும்பி வர்றப்போ இருட்டியிருக்கும். "பஸ்ஸுக்குள்ளதான் தூக்கம், ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சுகிட்டு"ன்னு எப்பவோ ஒருதடவை சொல்லியிருக்காங்க. பல்லு வெளக்குறதெல்லாம் ஆபீஸ் வாசல்ல, சாம்பல்லயோ செங்கப்பொடியிலயோ.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1983-ல ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பத்தி எழுதின கட்டுரை ரொம்பப் பிரபலம். சலம் பென்னூர்கர் 1990-ல எடுத்த ஆவணப்படத்துக்குப் பேரே 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. விடியாத நேரத்துல கிராமம் கிராமமா வந்து பிள்ளைகளை அள்ளிட்டுப் போன அந்த பஸ்ஸுகளைப் பத்தி அந்தக் காலத்துல சிவகாசியைப் பத்தி எழுதின பலரும் சொல்லியிருக்காங்க. 1986-ல சட்டம் வந்துச்சு. எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, சட்டத்தை மீறி ஒரு பிள்ளையை வேலைக்கு வச்சா முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு. பள்ளிக்கூடம், சத்துணவு, ரெய்டு, எல்லாம் சேர்ந்து அந்த விடியக்காலை பஸ் மெல்ல மெல்ல நின்னுச்சு. நான் 1997-ல பிறந்தவன். ஆறரை மணி வரைக்கும் தூங்கி, ஸ்கூலுக்குப் போய், இஞ்சினியரிங் முடிச்சு, இன்னிக்கு உக்காந்து பதிவு எழுதுறேன்னா அந்த பஸ் எனக்கு வரலைங்கறதுதான் காரணம்.

(தீப்பெட்டிக்கும் பல்லுக்கும் இன்னொரு பழைய சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பாவுல வெள்ளை பாஸ்பரஸ்ல தீக்குச்சி செஞ்ச தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பே அழுகிப்போகும், முதல்ல பல்வலியாத்தான் தொடங்கும். 1888-ல லண்டன்ல தீப்பெட்டிப் பெண்கள் ஸ்டிரைக் பண்ணினப்போ பேசப்பட்ட கொடுமைகள்ல இதுவும் ஒண்ணு. இந்தியாவுல 1913-லயே வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை வந்துடுச்சு. சிவகாசியில தொழில் ஆரம்பிச்சது 1923-ல. அந்த ஒரு கொடுமையாவது எங்க ஊரைத் தொடாம போச்சு.)

விஷயத்துக்கு வர்றேன். தன் பிள்ளைப்பருவம் பூரா தூக்கத்துல எழுப்பப்பட்ட ஒரு பொம்பளை, பேரனைத் தூக்கத்துல எழுப்பமாட்டேங்கறாங்க. அவன் எப்போ தூங்கினாலும் சரி, எங்க தூங்கினாலும் சரி, புட்டியை வாயில வச்சுகிட்டே தூங்கினாலும் சரி, தொடக்கூடாது. புட்டியை உருவினா முழிச்சுக்குவானாம். இதைப் போய் அறியாமைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. டாக்டர்கள் மேடையில பேசுறதும் வாட்ஸப்புல சுத்துறதும் எல்லாம் "பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னே ஆரம்பிக்குது. விழிப்புணர்வுங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போ எரிச்சலா வருது. எங்கம்மாவுக்குச் சின்ன வயசுல விழிப்பு இருந்த அளவுக்குத் தூக்கம் இருந்ததில்லை.

ஆனா, இதையும் சொல்லணும், அம்மா நினைச்ச மாதிரி அவன் நல்லாவும் தூங்கலை. நாலு நாள் வீட்டுல இருந்து கவனிச்சேன். அக்கா பட்டாசு ஆபீஸ்ல பேக்கிங் வேலை. காலையில வேன் ஏறினா ஆறரை மணிக்கு மேல வீடு. மச்சான் வண்டி ஓட்டுறார், நேரம் காலம் கிடையாது. பையன் எல்கேஜி. ஸ்கூல் நாள்ல ஆறே முக்காலுக்கு எழுப்புறாங்க (அதைச் செய்யறது அக்கா, அம்மா இல்லை). மூணரைக்கு வீட்டுக்கு வந்து, ஏதாவது தின்னுட்டு, அஞ்சு மணிக்குத் தூங்கிடுறான். எழுப்ப ஆள் இல்லை, எழுப்பவும் கூடாது. ஆறரைக்கு அக்கா வர்ற சத்தம் கேட்டுத் தானா எந்திரிக்கிறான். அதுக்கப்புறம் பதினோரு மணி வரைக்கும் ஃபுல் சார்ஜ். பதினோரு மணிக்கு செல்போன், புட்டி, தூக்கம். திரும்ப ஆறே முக்கால். ராத்திரித் தூக்கம் ஏழே முக்கால் மணி, சாயங்காலம் ஒன்றரை, மொத்தம் ஒம்பதே கால். அந்த வயசுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது 10 முதல் 13 மணி நேரம், அதுவும் தினமும் ஒரே நேரத்துக்குத் தூங்கி ஒரே நேரத்துக்கு எந்திரிக்கிற மாதிரி. சாயங்காலத் தூக்கம் ராத்திரியைத் தள்ளுது, ராத்திரி லேட்டாகிறதால சாயங்காலத் தூக்கம் வருது. சுத்தமான இன்ஃபினிட் லூப். எங்கயாவது ஒரு இடத்துல பிரேக் போட்டாத்தான் நிக்கும்.

இந்த இடத்துலதான் எனக்கு ஜப்பான் ஞாபகம் வந்துச்சு. எங்க ஊரைக் குட்டி ஜப்பான்னு சொல்லிக்கிறோம்ல, பெரிய ஜப்பான்ல ஆறு மாசம் ஆன்சைட்ல குப்பை கொட்டியிருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை கூட வேலை பார்க்குறவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல அவரோட நாலு வயசுப் பொண்ணு தானா பிரஷ்ஷை எடுத்துட்டு வந்து கொஞ்ச நேரம் கடிச்சு விளையாடிச்சு. அப்புறம் மனுஷன் தரையில சம்மணம் போட்டு உக்காந்தார். பொண்ணு மல்லாந்து படுத்து அவர் மடியில தலையை வச்சுது. மேல இருந்து குனிஞ்சு, உதட்டை ஒரு விரலால ஒதுக்கி, ஒவ்வொரு பல்லா விளக்கி விட்டார். பாட்டுப் பாடிகிட்டே. இதுக்கு ஷியாகெ மிகாகின்னு பேர், பிள்ளை விளக்கினப்புறம் பெரியவங்க செய்யிற ஃபினிஷிங். அங்க ஒன்றரை வயசுலயும் மூணு வயசுலயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசாங்க உடம்புச் சோதனை உண்டு, அதுல பல்லும் சேர்த்தி.

(ஜப்பான்னா எல்லாம் ஒழுங்குன்னு நினைச்சுடாதீங்க. தூக்க விஷயத்துல அவங்களும் நம்ம கேஸ்தான். பிள்ளைங்க லேட்டாத் தூங்குதுன்னு 2006-ல அவங்க கல்வி அமைச்சகமே "சீக்கிரம் தூங்கு, சீக்கிரம் எழு, காலைச் சாப்பாடு சாப்பிடு"ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.)

அந்த மடி விஷயத்தை அம்மாகிட்ட சொன்னேன். செஞ்சும் காட்டினேன், மருமகன் தலை என் மடியில. அம்மா பார்த்துட்டு, "இதென்ன, பேன் பாக்குற மாதிரிதானே"ன்னாங்க. அவ்வளவுதான்! பச்சப்பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுறது, மடியில போட்டு மருந்து ஊத்துறது, பேன் பார்க்கிறது, எல்லாம் நம்ம வீடுகள்ல இருக்கிற கைவாகுதான். பிரஷ் மட்டும்தான் புதுசு.

என்னோட கருத்து இதுதான் மக்களே. பல் விளக்குறதைத் தூக்கத்துக்கு எதிரா நிறுத்தாதீங்க. "தூங்கினவனை எழுப்பி விளக்கு"ன்னு சொன்னா எங்கம்மா என்ன, எந்த அம்மாவும் செய்யமாட்டாங்க. சொல்லவும் கூடாது. தூங்கப் போறதுக்கு முதல் படியே பல்லுன்னு ஆக்கணும். சாப்பாடு, பால் டம்ளர்ல, அப்புறம் பல், அப்புறம் விளக்கை அணைச்சுட்டுக் கதை. பல்லுக்கப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் கிடையாது. இருமல் சிரப் கொடுக்கணும்னாலும் பல்லுக்கு முன்னாடியே கொடுத்துடணும், அதுலயும் பெரும்பாலும் இனிப்பு இருக்கு. தினம் இதே வரிசையில நடந்தா, பிரஷ்ஷைப் பார்த்ததுமே தூங்குற நேரம் வந்துடுச்சுன்னு பிள்ளைக்குப் புரிஞ்சுடும். பல்லுக்கு எடுக்கிற ரெண்டு நிமிஷம் தூக்கத்துக்கும் மணி அடிக்குது.

பேஸ்ட் எவ்வளவுன்னு கேப்பீங்க. மூணு வயசுக்குள்ள அரிசி மணி அளவு, மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் பட்டாணி அளவு. டிவி விளம்பரத்துல பிரஷ் நீளத்துக்கும் மலைப்பாம்பு மாதிரி சுத்துறது பேஸ்ட் விக்கிறதுக்கு, பல்லுக்கு இல்லை. ஃபுளூரைடு இருக்கிற பேஸ்ட்தான் சொத்தையைத் தடுக்கும். இந்தியாவுல 1000 பிபிஎம்முக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் ஃபுளூரைடுன்னதும் முறைப்பீங்க, தெரியும். தண்ணியிலயே ஃபுளூரைடு கூடிப் பல்லு பழுப்பான ஊருங்க, அதுக்குன்னே ஒகேனக்கல் திட்டம் 2013-ல வந்துச்சு. அந்த மாதிரித் தண்ணி குடிக்கிற இடத்துல டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. மத்தவங்க துப்பப் பழக்கிட்டா போதும். ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்க கைதான் விளக்கி விடணும், அந்த வயசுப் பிள்ளைக்குக் கை அவ்வளவு பக்குவமா சுத்தாது.

இனிப்பைப் பத்திப் பேசாம விட்டா எப்படி. எங்க பக்கம் பல்லுக்கு எதிரா ஏதோ சதி நடக்குதுன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா, சாத்தூர்ல கருப்பட்டி மிட்டாய், கோவில்பட்டியில கடலைமிட்டாய். நடுவுல நாங்க. இதையெல்லாம் தின்னக்கூடாதுன்னு சொன்னா நான் ஊருக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது. தின்னட்டும், சாப்பாட்டோட சேர்த்து, பகல்ல. பையில போட்டுகிட்டு நாள் பூரா நொறுக்குறதும், பதினோரு மணிக்கு அழுகையை நிறுத்தப் பிஸ்கட் கொடுக்குறதும்தான் வினை.

எல்லாத்தையும் வீட்டுப் பொம்பளைங்க தலையில கட்டுறதுலயும் எனக்குச் சம்மதம் இல்லை. காலையில கிளம்பி இருட்டினப்புறம் வர்ற அக்காகிட்ட "எட்டரைக்குத் தூங்க வை"ன்னு சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருக்கு? அவ சமைச்சு முடிக்கவே எட்டரை ஆகுது. எல்கேஜி பிள்ளைக்கு எதுக்கு ஏழே முக்காலுக்கு வேன்? முன்ன தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊர் ஊராச் சுத்தின மாதிரி இப்போ ஸ்கூல் வேன் சுத்துது. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லமாட்டேன், சொன்னா அது எங்கம்மாவுக்குச் செய்யிற துரோகம். ஆனா வண்டி ரூட்டுக்காகப் பிள்ளையை எழுப்புறதுங்கறது மட்டும் மாறலை. பால்வாடிக்கும் ஸ்கூலுக்கும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிற திட்டம் 2013-லேர்ந்து இருக்கு, பல் சொத்தையும் அந்தப் பட்டியல்ல உண்டு. நல்ல விஷயம். ஆனா அது விழுந்த குழியைக் கண்டுபிடிக்கத்தான். ஸ்காட்லாந்துல நர்சரிப் பள்ளிகள்லயே தினம் டீச்சர் முன்னாடி பிள்ளைங்க எல்லாம் பல் விளக்குற திட்டம் இருக்கு. நம்ம பால்வாடியில மதியச் சாப்பாட்டுக்கப்புறம் பாய் விரிச்சுத் தூங்கவே வைக்கிறாங்க. அந்தப் பாய் விரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பிரஷ். தட்டு கழுவ வரிசையில நிக்கிற பிள்ளை பல்லுக்கும் நிக்கும்.

பையனுக்குக் கடவாய்ப்பல்லுல வேர் சிகிச்சை முடிஞ்சுது. பால்பல்லுக்கும் அது உண்டுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். மூணு தடவை போகவேண்டி வந்துச்சு, அக்காவுக்கு மூணு நாள் கூலி போச்சு. முன்பல் நாலும் அப்படியேதான் மொட்டையா இருக்கு, சிரிச்சா ஒரு மாதிரி கிழவன் களை.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்ணினேன். சாயங்காலம் அஞ்சரை மணி. அக்காவுக்கு லீவு, வீட்டுல இருந்தா. பையன் திண்ணையில கண்ணு சொருகி உக்காந்திருந்தான். அம்மா பக்கத்துல உக்காந்து, அவன் தூங்கிடாம இருக்கப் புளியமுத்தை வச்சு ஏதோ விளையாட்டுக் காட்டிகிட்டிருந்தாங்க. "இப்ப தூங்கிட்டா ராத்திரி தூங்கமாட்டான்யா"ன்னாங்க. "எழுப்பித்தானே விடுறீங்க"ன்னு கிண்டல் பண்ணினேன். "எழுப்பலை, தூங்க விடலை, ரெண்டும் வேற"ன்னாங்க. அப்புறம் எட்டரைக்கு நான் திரும்பக் கூப்பிட்டப்போ அக்காதான் எடுத்தா. "அம்மா வரமுடியாதுடா, மடியில இவன் இருக்கான்"னு சொல்லிட்டு வச்சுட்டா.

டிஸ்கி: மாமன் மட்டும் ராத்திரி பல் விளக்குறாரான்னு மருமகன் கேட்டானாம். இருபது நாளா விளக்குறேன். நடுவுல ரெண்டு நாள் விட்டுப்போச்சு. ஆணி :-)